சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

சிறைச்சாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் உயர்ந்த மதிலும், இரும்புக் கதவும், காவலர் கையில் தொங்கும் சாவிக்கொத்துமே நம் கண்முன் தோன்றும். அந்த மதிலுக்குள் தண்டனை பெற்றவர், காவல் புரிபவர் என இரு சாரார் மட்டுமே இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் குற்றம் செய்து உள்ளே வந்தவரல்லர். காவல் செய்து ஊதியம் பெற வந்தவருமல்லர். கைதியின் அருகே அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்கவும், அவனுக்கு நல்வழி கூறவும் வருபவர் அவர். மேல்நாட்டார் இத்தொண்டுக்குச் சமய குருமாரை நியமித்தனர்; ஆதலின் அவரைச் சிறைக்குரு என்று நாம் அழைக்கலாம். வீழ்ந்தவனைத் தூக்கி நிறுத்துவதில் அவருக்குள்ள பங்கு யாது? அப்பங்கு எந்த எல்லையைத் தாண்டும்போது தீமையாக மாறுகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் சரித்திரத்தில் விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

இத்தொண்டு மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த புதுமை என்று சிலர் கருதுவர். தமிழ் இலக்கியம் அறிந்தோர் அவ்வாறு கருதார். மணிமேகலைக் காப்பியத்தின் பத்தொன்பதாம் காதைக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' என்று பெயர். புகார் நகரத்துச் சிறையினுள் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நுழைகிறாள். பசியால் வாடிக் கிடந்த கைதிகளுக்கு வயிறார உணவளிக்கிறாள். ஒரே பாத்திரத்திலிருந்து அத்தனை பேரும் உண்ணக் கண்ட காவலர் வியந்து அரசனிடம் ஓடுகின்றனர். அரசன் அவளை வரவழைத்து, வேண்டுவது யாது என்று வினவுகிறான். தனக்கென ஒன்றும் அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை நீக்கி, அதனை அறம் புரிவோர் வாழும் இடமாக்க வேண்டும் என்று கேட்கிறாள். அரசனும் இசைகிறான்.

இக்காதையின் நிகழ்ச்சி முறையை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மணிமேகலை முதலில் அறவுரை கூறவில்லை. முதலில் சோறு அளித்தாள். பசித்தவனிடம் அறம் பேசுவது பயனற்றது என்பதை உணர்ந்த நெஞ்சம் அது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கைதிகளைத் திருத்த வேண்டும் என்று மட்டும் அவள் எண்ணவில்லை. சிறையையே திருத்த வேண்டும் என்று எண்ணினாள். பின்னர் அவளே அரசனால் சிறைப்படுகிறாள். தன்னைக் கொடுமைப்படுத்திய அரசியையும் அறவுரையால் மனம் மாற்றுகிறாள். சிறைக்குருவின் வரலாற்றை அளந்து பார்க்க இதைவிடச் சிறந்த அளவுகோல் நமக்கு வேண்டுவதில்லை. உணவளித்தாரா, உபதேசம் மட்டும் செய்தாரா? கைதியை மட்டும் குறை கூறினாரா, சிறையையும் குறை கூறினாரா? இவ்விரு வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு மேற்செல்வோம்.

இங்கிலாந்தில் சிறைக்குருவின் தொடக்கம் அத்துணைப் பெருமைக்குரியதாக இல்லை. லண்டன் நகரத்து நியூகேட் சிறையில் ஒரு குருவானவர் இருந்தார். தூக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு இறுதி நேரத்தில் பிரார்த்தனை சொல்லுவது அவருடைய கடமை. ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. சாகப் போகிறவனுடைய வாழ்க்கைக் கதையையும் பாவ அறிக்கையையும் அச்சிட்டு, தூக்கிலிடும் நாளில் கூடும் கூட்டத்தில் விற்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, ஏறத்தாழ நூறாண்டுகள் நடைபெற்றது. ஆறுதல் தேடி ஒருவன் திறந்த நெஞ்சம் கடைச்சரக்கானது! கேட்கும் செவியே விற்கும் வாயாக மாறினால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இந்நிலையில் ஜான் ஹோவர்ட் என்பவர் தோன்றினார். 1773-ல் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீப்பாக அவர் பதவியேற்றபோது, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களும், சிறையதிகாரிக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் இல்லாமையால் உள்ளேயே கிடப்பதைக் கண்டார். ஊர் ஊராகக் குதிரையேறிச் சென்று சிறைகளைப் பார்வையிட்டு, 1777-ல் அவற்றின் நிலை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதே 1773-ஆம் ஆண்டில்தான், சிறைகளில் சம்பளம் கொடுத்துக் குருமாரை அமர்த்த மாவட்ட நீதிபதிகளுக்கு இங்கிலாந்துச் சட்டம் இடமளித்தது. 1823-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது.

எனினும் அக்காலத்தில் கைதிகளின் உள்ளத்தைத் தொட்டவர் நியமனம் பெற்ற குருவல்லர். எலிசபெத் பிரை என்னும் குவேக்கர் பெண்மணி ஆவார். 1813-ல் முதன்முறையாக நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் அவர் சென்றார். 1817-ல் ஒரு சங்கம் அமைத்து, அப்பெண்களுக்குத் தையலும் பின்னலும் எழுத்தும் கற்பித்தார். அவர்களோடிருந்த குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தார். சிறைக்குள் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை அவரே விதித்துவிடவில்லை. ஒவ்வொரு விதியையும் படித்துக் காட்டி, அப்பெண்கள் கையுயர்த்தி ஏற்றுக்கொண்ட பிறகே அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மனிதர் என்று மதிக்கப்பட்டபோது அவர்கள் மனிதராக நடந்துகொண்டனர்.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனையும் விரைவில் நடந்தது. 1842-ல் பென்டன்வில் என்ற புதிய சிறை திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு கைதியும் தனியறையில் அடைக்கப்பட்டான். ஒருவன் முகத்தை மற்றொருவன் காணக்கூடாது. தொழுகைக் கூடத்திலும் ஒவ்வொருவனுக்கும் தனித்தனித் தடுப்பு. தனிமையில் மனச்சாட்சி விழித்தெழும், குருவின் சொல் அப்போது ஆழமாகப் பதியும் என்பது அத்திட்டத்தின் தத்துவம். சிறைக்குருவுக்கு அவ்வளவு உயர்ந்த இடம் வேறெங்கும் அளிக்கப்பட்டதில்லை. ஆனால் கைதிகளிற் சிலர் சித்தம் கலங்கினர். மௌனத்தால் ஒருவனை நொறுக்கிவிட்டு அவன் காதில் வேதம் ஓதுவது அறமாகாது என்று உலகம் கற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். சென்னை நகரில் 1837-ல் ஒரு பெருஞ்சிறை அமைந்தது. பிற்காலத்தில் மத்திய சிறை என வழங்கப்பட்ட அச்சிறை 2006 வரை கைதிகளைத் தாங்கி நின்று, புழலுக்கு மாற்றப்பட்ட பின் 2009-ல் இடிக்கப்பட்டது. அச்சிறை எழுந்த அதே காலத்தில், மெக்காலே பிரபுவும் அங்கம் வகித்த ஒரு குழு இந்தியச் சிறைகளைப் பற்றி ஆராய்ந்தது. 1838-ல் வெளிவந்த அதன் அறிக்கை, கைதிகளுக்குச் சமய போதனை, ஒழுக்க போதனை, கல்வி, நன்னடத்தைக்குப் பரிசு ஆகியவற்றை வேண்டுமென்றே ஒதுக்கித் தள்ளியது. கைதிக்குச் சிறை அச்சமூட்ட வேண்டும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை என்பதே அன்றைய கொள்கை.

ஒதுக்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. இங்கிலாந்தில் நாட்டுக்கென ஒரு திருச்சபை உண்டு. குருவை அரசாங்கமே அமர்த்தலாம். பல சமயத்தார் வாழும் இந்நாட்டில் எந்தக் குருவை அமர்த்துவது? 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 1858-ல் விக்டோரியா மகாராணியார் வெளியிட்ட பிரகடனம், குடிகளின் சமயத்தில் அரசாங்கம் தலையிடாது என்று உறுதி கூறியது. ஆதலின் சிறைக்குரு என்ற பதவி இந்நாட்டில் வேரூன்றவில்லை. விரும்பி வரும் தொண்டர்களின் கையிலேயே அப்பணி பெரும்பாலும் விடப்பட்டது. இன்றைய அரசியலமைப்பும் எச்சமயத்தையும் சாராதது. அப்பணி இன்றும் தொண்டாகவே நடைபெறுகிறது.

தொண்டாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. கைதியை விடுவிக்கவும் தண்டிக்கவும் தொண்டருக்கு அதிகாரமில்லை. ஆகவே அவரிடம் கைதி அஞ்சாமல் பேசலாம். அதிகாரமும் அறவுரையும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை மாகாணத்தின் மற்றொரு வரலாறு காட்டுகிறது.

அது குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாறு. 1871-ல் வட இந்தியாவில் பிறந்த இச்சட்டம் 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் குற்றம் செய்தானா என்று இச்சட்டம் கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்றே கேட்டது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். விரல் ரேகையைப் பதிந்து கொடுத்து, அதிகாரிகள் குறித்த வேளையில் நேரில் வந்து நிற்க வேண்டியிருந்ததே காரணம். இச்சட்டத்தின்படி 'திருத்தப்பட' வேண்டிய மக்களுக்கெனக் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றை நடத்தும் பொறுப்பு இரட்சணிய சேனை என்னும் கிறிஸ்தவ அமைப்புக்கு அளிக்கப்பட்டது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பாபட்லாவுக்கருகே 1913-ல் எழுந்த ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் ஒன்று.

அங்கே பள்ளி இருந்தது, நிலம் இருந்தது, தொழில் கற்பிக்கப்பட்டது. இவை நன்மைகளே; மறுப்பதற்கில்லை. ஆனால் உபதேசியாரே வருகைப் பதிவேட்டையும் வைத்திருந்தார். வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் சென்றால் குற்றம். போதிப்பவரும் பூட்டுபவரும் ஒருவரே ஆனபோது, அங்கு வாழ்ந்தவனுக்கு அவர் குருவாகத் தோன்றுவாரா, காவலராகத் தோன்றுவாரா? தென்பாண்டி நாட்டில் இச்சட்டத்தை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ல் சென்னை மாகாணம் இச்சட்டத்தை நீக்கியது. 1952-ல் நாடெங்கும் அது ஒழிந்தது. பிறப்பையே குற்றமாகக் கருதும் இடத்தில் எத்துணை நல்ல போதகரும் திருத்தும் பணியைச் செய்ய இயலாது.

இதே காலத்தில், சிறைக்குள்ளிருந்தே ஒரு குரு தோன்றினார். அவர் அங்கியணிந்தவரல்லர், கைதியின் உடையணிந்தவர். 1908-ல் தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றி நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் பின்னர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். கண்ணனூரில் தம்முடன் இருந்த கைதிகளுக்கு அவர் நீதி நூல்களைப் போதித்தார். எளிதில் மனத்தில் பதியும் முறையில் 125 அதிகாரங்கொண்ட 'மெய்யறம்' என்னும் நூலையும் இயற்றினார். 1914-ல் அது வெளிவந்தது. வழக்கறிஞர் ஒருவர், களவுக்கும் கொலைக்கும் தண்டனை பெற்றோரிடையே அமர்ந்து அறம் கற்பித்தார்! அவர்கள் ஏன் கேட்டனர்? அவர் உண்ட களியையே அவர்களும் உண்டனர். அவர் சுமந்த தண்டனையையே அவர்களும் சுமந்தனர். உடன் துன்புறுபவன் சொல்லுக்கு உள்ள வலிமை, மேடையிலிருந்து பேசுபவன் சொல்லுக்கு வாராது.

சரித்திரச் சக்கரம் மெல்லத் திரும்பியது. 1919-ல், சென்னை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் இந்தியச் சிறைக் குழு அமைக்கப்பட்டது. இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் சிறைகளையும் அக்குழுவினர் சென்று கண்டனர். குற்றத்தைத் தடுப்பதோடு குற்றவாளியைத் திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று இந்நாட்டில் முதன்முதலாகத் தெளிவாக உரைத்தது அக்குழுவே. 1838-ல் தூக்கியெறியப்பட்ட ஒழுக்க போதனையும் கல்வியும் எண்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சிறைவாயிலில் வந்து நின்றன.

சென்னை மாகாணம் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றியது. 1920-ல் குழந்தைகள் சட்டம். அடுத்து 1925-ஆம் ஆண்டின் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம். பின்னர் 1936-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். இவற்றுள் மூன்றாவது சட்டத்துக்கும் நாம் பேசும் சிறைக்குருவுக்கும் இரத்த உறவு உண்டு. 1876-ல் இங்கிலாந்தில் பிரடெரிக் ரெய்னர் என்னும் அச்சகத்தொழிலாளர், குடியினால் கெட்டு மீண்டும் மீண்டும் நீதிமன்றத்தில் நிற்பவர்களைக் கண்டு இரங்கி, மதுவிலக்குச் சங்கம் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பினார். அச்சிறு தொகை கொண்டு அச்சங்கம் நீதிமன்றங்களுக்குத் தொண்டர்களை அனுப்பத் தொடங்கியது. நீதிபதி குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் அத்தொண்டரிடம் ஒப்படைப்பார்; தொண்டர் அவனுக்கு வேலை தேடித் தருவார், வீட்டுக்குச் சென்று விசாரிப்பார். 1907-ல் இங்கிலாந்துச் சட்டம் அத்தொண்டரை அரசாங்க அதிகாரியாக்கியது. இன்று நம் மாவட்ட நீதிமன்றங்களை ஒட்டிப் பணிபுரியும் நன்னடத்தை அலுவலர், அப்பழைய தொண்டரின் வழித்தோன்றலே. சமயத் தொண்டாகப் பிறந்தது சட்டக் கடமையாக வளர்ந்தது.

இவ்வரலாற்றில் நம் தென் சென்னைப் புறநகருக்கும் இடமுண்டு. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் செங்கல்பட்டு இருக்கிறது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிறுவர்க்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. பெரியவர்களோடு சிறையில் அடைத்தால் சிறுவன் கைதேர்ந்த திருடனாகி வெளிவருவான் என்பதை உணர்ந்து, அவனுக்குத் தனியிடம் அமைத்துக் கல்வியும் கைத்தொழிலும் புகட்டுவதே அப்பள்ளியின் நோக்கம். பெயர்கள் காலத்துக்கேற்ப மாறின; நோக்கம் மாறவில்லை.

தாம்பரத்துக்கு வருவோம். சேலையூர்க் காட்டையொட்டி 1937-ல் குடிபுகுந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு நடைபெற்றது. பல நாடுகளிலிருந்தும் பேராளர்கள் வந்து கூடினர். பிற சமயங்களைக் கிறிஸ்தவம் எவ்வாறு நோக்க வேண்டும் என்பது அங்கே பெரும் விவாதமாயிற்று. டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு பக்கம் நின்றார், பி. செஞ்சையா முதலான சென்னைச் சிந்தனையாளர் மற்றொரு பக்கம் நின்றனர். அம்மாநாடு சிறைகளைப் பற்றிக் கூட்டப்பட்டதன்று. ஆயினும் அங்கு எழுந்த வினா சிறைக்குள் நுழையும் ஒவ்வொரு குருவுக்கும் உரிய வினா ஆகும். வெளியிலிருப்பவன் போதகரின் சொல் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கைதி எங்கே போவான்? அவனுக்குத் தனிமை மிகுதி, நம்பிக்கை குறைவு, ஒரு கடிதம், ஒரு சோப்புக்கட்டி, ஒரு சிபாரிசு எல்லாம் அவனுக்குப் பெரியவை. அவனுடைய அந்த எளிய நிலையைப் பயன்படுத்தி அவனைத் தம் சமயத்துக்கு இழுப்பது தொண்டா, வேட்டையா? எந்தச் சமயத்தாரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இதற்கு உலகம் ஒரு நல்ல விடையை 1955-ல் எழுதியது. ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் கூட்டிய மாநாடு, கைதிகளை நடத்துவதற்கான குறைந்த அளவு விதிகளை வகுத்தது. ஒரு சமயத்தைச் சேர்ந்த கைதிகள் போதிய அளவில் இருந்தால், அச்சமயத்தின் தகுதியுள்ள பிரதிநிதி ஒருவரை ஏற்க வேண்டும். கைதி விரும்பினால் அவரைச் சந்திப்பதைத் தடுக்கலாகாது. கைதி விரும்பாவிட்டால் அவன் மனப்போக்கை முழுதும் மதிக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. 2015-ல் அவை திருத்தப்பட்டு, இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைப் பெற்றன. கேட்கவும் உரிமை, மறுக்கவும் உரிமை. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் சிறைக்குருவின் பணி அறவழிப்பட்டதாகிறது.

நம் நாட்டு நீதிமன்றமும் இத்திசையில் பேசியது. சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்றவரும், 1948-ல் தாமே சிலநாள் சிறையிலிருந்தவருமான வி. ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, 1977-ல் கியாசுத்தீன் வழக்கின் தீர்ப்பில், குற்றவாளியை நோயாளிபோல் கருதிக் குணப்படுத்துவதே தண்டனையின் நோக்கம் என்று எழுதினார். தியானம் போன்ற பயிற்சிகளையும் அதற்குரிய கருவிகளாகக் குறிப்பிட்டார்.

அதற்கு முன்பே, 1975-ல், ஜெய்ப்பூர் மத்திய சிறையில் எஸ். என். கோயங்கா விபாசனா என்னும் பௌத்தத் தியானப் பயிற்சியைக் கைதிகளுக்கு அளித்திருந்தார். 1994 ஏப்ரலில் தில்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒரே காலத்தில் பத்து நாள் மௌனம் காத்து அப்பயிற்சியை மேற்கொண்டனர். அன்று அச்சிறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கிரண் பேடி. பென்டன்வில்லின் மௌனம் கைதிமேல் சுமத்தப்பட்டது. திகாரின் மௌனம் கைதியே ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு மிகப் பெரிது. இதே தியான மரபைச் சார்ந்த நிலையம் ஒன்று பல்லாவரத்தை அடுத்த திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. புகார்ச் சிறைக்குள் பௌத்த அறத்தைக் கொண்டுசென்ற மணிமேகலை, தன் வாழ்வின் நிறைவைக் கண்டது காஞ்சியில். அக்காஞ்சியும் நமக்குத் தொலைவில் இல்லை.

கிறிஸ்தவர்களிடையேயும் இப்பணி புது வடிவம் பெற்றது. 1981-ல் கோட்டயத்தில் குருத்துவக் கல்வி பயின்ற மாணவர்கள் தொடங்கிய சிறைப்பணி இயக்கம் நாடெங்கும் பரவியது. ஆனால் தனிமனிதர் ஒருவரின் பொறுமை என்ன செய்யும் என்பதை இந்தூர்ச் சிறையில் நிகழ்ந்த வரலாறு எல்லாவற்றினும் தெளிவாகக் காட்டுகிறது. கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்து ஏழை உழவர்களைக் கடன்பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டவர். 1995 பிப்ரவரி 25-ஆம் நாள், ஓடும் பேருந்தில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். கொலை செய்தவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சுவாமி சதானந்த் என வழங்கப்பட்ட கத்தோலிக்கக் குரு அவனைச் சிறையில் மீண்டும் மீண்டும் சென்று சந்தித்தார். சினமும் வெறுப்பும் நிறைந்த அந்த உள்ளம் மெல்ல இளகியது. 2002-ல், இறந்தவரின் உடன்பிறந்த சகோதரி செல்மி பால் அச்சிறைக்குச் சென்று, அக்கையைக் கொன்றவன் கையிலேயே ராக்கி கட்டினார்! 2006-ல் அவன் விடுதலையானான். அவ்விடுதலைக்காக இறந்தவரின் குடும்பத்தாரே மன்றாடியிருந்தனர். அவன் இறந்தவரின் ஊருக்குச் சென்று தாயின் காலில் விழுந்தான். பல ஆண்டுகள் ஒருவர் பேசியும் கேட்டும் காத்திருந்ததன் பயன் அது. திருத்தம் என்பது ஒரு நாளில் நிகழும் அற்புதமன்று. பயிர் விளைவதுபோல் காலம் வேண்டுவது.

இவ்வளவும் கேட்டபின், எல்லாம் நன்மையாகிவிட்டது என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. இரண்டு செய்திகளை நான் சொல்லியே ஆகவேண்டும்.

முதலாவது: 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவனிடம் சென்று, 'மனம் திருந்து' என்று சொல்வது எங்ஙனம்? அவனுக்கு முதலில் வேண்டியவர் வழக்கறிஞர். அவன் வீட்டுக்கு அவன் இருக்குமிடத்தைச் சொல்லுபவர். ஜாமீனுக்கு வழி தேடுபவர். பசித்தவனுக்கு முதலில் சோறு என்ற மணிமேகலையின் முறை இங்கே நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது செய்தி நம் பக்கத்து ஊரைச் சேர்ந்தது. சொல்ல மனம் நோகிறது. 2022 டிசம்பர் இறுதியில், செங்கல்பட்டு அரசினர் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் தாக்கப்பட்டதாக எழுந்த வழக்கில் இல்லப் பணியாளர் அறுவர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராயத் தமிழக அரசு நீதியரசர் கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அமர்த்தியது. 2023-ல் அவர் அறிக்கை அளித்தார். சிறுவரைச் சிறையின் கொடுமையினின்று காப்பதற்கென்றே நூறாண்டுகளுக்கு முன் கண்ட ஊர் அது! நல்ல நோக்கத்தோடு எழுப்பிய கட்டடமும், வெளியார் கண் படாமல் மூடிக்கிடந்தால் இருண்டுவிடும். சிறைக்குரு, தொண்டர், வருகையாளர் ஆகியோர் உள்ளே செல்வதன் பயன் கைதிக்கு அறவுரை கூறுவது மட்டுமன்று. வெளியுலகத்தின் கண்ணும் காதும் அங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் நினைவூட்டுவதும் ஆகும். நியூகேட் குரு கேட்டதை விற்றார். பிற்காலத்து நல்ல தொண்டர் கைதியின் அந்தரங்கத்தைக் காத்து, கைதிக்கு இழைக்கப்படும் அநீதியை வெளியே சொன்னார். எதனை மறைப்பது, எதனை உரைப்பது என்று அறிவதே இப்பணியின் நுட்பம்.

ஆகவே, சரித்திரம் நமக்குத் தரும் விடையை இனித் தொகுத்துக் கூறலாம். சிறைக்குருவின் சொல் கைதியைத் திருத்தியது உண்மை. ஆனால் எங்கெல்லாம் அவர் கையில் சாவி இல்லையோ, எங்கெல்லாம் கைதி மறுக்கும் உரிமை பெற்றிருந்தானோ, எங்கெல்லாம் சொல்லோடு சோறும் எழுத்தும் தொழிலும் சேர்ந்து வந்தனவோ, அங்கெல்லாம்தான் திருத்தியது. ஏனைய இடங்களில் அது தண்டனையின் மற்றொரு வடிவமாகவே முடிந்தது.

எஞ்சிய பங்கு ஒன்று உண்டு. அதனைச் சிறைக்குரு செய்ய இயலாது. சிறையிலிருந்து வெளிவருபவன் முதலில் சந்திப்பது குருவை அன்று, நம்மைத்தான். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வாடகைக்கு வீடு தேடுபவன் அவன். பட்டறை வாசலிலும் கடை வாசலிலும் வேலை கேட்டு நிற்பவன் அவன். 'எங்கிருந்து வருகிறாய்?' என்ற ஒரு கேள்வியால், பல ஆண்டுகள் ஒருவர் பொறுமையாய்க் கட்டியதை நாம் ஒரு நொடியில் இடித்துவிட முடியும். அவனுக்கு ஒரு வேலையும் ஒரு திண்ணையும் கொடுத்தால், அதே நொடியில் அதனை நிலைநிறுத்தவும் முடியும்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் வழக்கறிஞராகலாம், ஆசிரியராகலாம், தொழிற்சாலை நடத்துபவராகலாம். புகாரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க அரசன் ஒருவன் இசைந்தது போதுமானதாயிற்று. நம் காலத்தில் அதற்கு ஊரே இசைய வேண்டும். அந்த இசைவைத் தரும் தலைமுறையாக நீங்கள் விளங்குவீர்களாக!